அமெரிக்கக் கவுண்ட்டி சிறை மென்பொருளில் பயனர் அனுமதி வாங்குவது எப்படி: புதிதாகச் சேரும் ஐடி ஒப்பந்தப் பணியாளர்களுக்கு

அமெரிக்காவில் ஒரு கவுண்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகத்தின் சிறைப் பதிவேட்டு மென்பொருளுக்கு ஒப்பந்த அனலிஸ்டாகச் சேர்ந்தேன். வேலை உறுதியான நாளிலிருந்து முதல் லாகின் திறக்க 7 வாரம் ஆயிற்று. அதில் உண்மையான பின்னணிச் சோதனைக்கு ஆன நேரம் 10 நாள்கூட இருக்காது. பெயர் பொருந்தவில்லை, ஒரு கையெழுத்து விடுபட்டது, அனுமதிப் படிவத்தில் நான் எழுதிய ஒரே ஒரு வரிக்காகப் படிவம் திரும்பி வந்தது என்று மீதி நாட்கள் கரைந்தன. எனக்குப் பின் அதே அணிக்கு வந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்கு 18 நாளில் முடிந்தது, இன்னொருவருக்கு 3 வாரம். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கவுண்ட்டி சிறை என்பது பெரும்பாலும் விசாரணையில் இருப்பவர்களும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். நீண்ட தண்டனைக்கான சிறைகள் மாநிலத்தின் சீர்திருத்தத் துறையிடம் இருக்கும். இரண்டிலும் மென்பொருளின் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: ஆள் உள்ளே வரும்போது புக்கிங், எந்தப் பிரிவில் வைப்பது என்ற வகைப்படுத்தல், அறை ஒதுக்கீடு, வழக்குகள், நீதிமன்றத் தேதி, மருத்துவம், கைதியின் கணக்கில் இருக்கும் பணம், கடைசியில் விடுதலை. இதில் உங்களுக்கு எது தெரிய வேண்டும், எதைத் தொடலாம் என்பதை முடிவு செய்வதுதான் பயனர் அனுமதி. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். அடிப்படை மட்டும் எங்கும் ஒன்று: எஃப்பிஐயின் சிஜிஸ் (குற்றவியல் நீதித் தகவல் சேவைகள்) பிரிவு வெளியிடும் பாதுகாப்புக் கொள்கை. அதன் சமீபத்திய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்க வேண்டாம். அணுகல் கட்டுப்பாடு, பணியாளர் பாதுகாப்பு என்ற இரண்டு பகுதிகளையும் வேலையில் சேரும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

1. முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் செய்த முதல் தவறு எல்லாக் கேள்வியையும் என் கன்சல்டன்சியின் ரெக்ரூட்டரிடம் கேட்டது. அவருக்கும் தெரியாது. அவர் கவுண்ட்டி ஐடி துறையிடம் கேட்பார், அவர்கள் ஷெரிஃப் அலுவலகத்திடம் கேட்பார்கள், ஒவ்வொரு பதிலுக்கும் 3, 4 நாள் போகும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நால்வர். லாசோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உள்ளூர்ப் பாதுகாப்பு அலுவலர், உங்களை உள்ளே விடலாமா என்பதில் அந்த அலுவலகத்தின் பொறுப்பாளி. டாக் என்பவர் மாநில, எஃப்பிஐ தரவுத்தளங்களுக்கான இணைப்பைக் கவனிப்பவர். பயிற்சிக் கணக்கைப் பெரும்பாலும் இவர்தான் திறந்து கொடுப்பார். மூன்றாமவர் சிறை மென்பொருளின் நிர்வாகி. ரோல்களை, அதாவது அனுமதித் தொகுப்புகளை, உருவாக்கி உங்கள் கணக்கில் போடுபவர் இவர். பல இடங்களில் இவர் ஐடி ஆள்கூட இல்லை, பல வருடம் புக்கிங்கில் வேலை பார்த்த சார்ஜெண்டாக இருப்பார். நான்காமவர் உங்கள் வேலைக்கு உண்மையில் பொறுப்பான மேலாளர். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான்.

சேரும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டு இந்த நால்வரின் பெயரும் தொடர்பும் கேட்டு வாங்குங்கள். சிறிய கவுண்ட்டிகளில் ஒரே ஆள் இரண்டு மூன்று பொறுப்புகளைப் பார்ப்பார். அப்படியானால் அவர் விடுப்பில் போகும் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அதிலேயே ஒரு வாரம் போயிற்று.

2. பெயரைச் சரிபாருங்கள்

தமிழர்களான நமக்கு மற்ற எவரையும்விட இந்தப் படி முக்கியம்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார். இன்னொருவர் இரண்டையும் சேர்த்துச் சொந்தப் பெயர்க் கட்டத்தில் எழுதி, குடும்பப் பெயரைக் காலியாக விட்டிருப்பார். காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் உள்ள பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு மாதிரி என்று ஆகிவிடும்.

வாடகைக்கு வீடு எடுக்கும்போது இதைப் பேசிச் சமாளிக்கலாம். கைரேகைச் சோதனையில் முடியாது. முன்பதிவு செய்த பெயரும் நீங்கள் கொண்டுபோகும் அடையாள அட்டையின் பெயரும் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னை அப்படித்தான் அனுப்பினார்கள். அடுத்த நேரம் கிடைக்க 6 நாள் ஆயிற்று.

இதைச் செய்யுங்கள்: பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (விசா மனு ஒப்புதல் தாள்), ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அட்டையைக் கைரேகை மையத்துக்குக் கொண்டுபோகிறீர்களோ அதில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து முன்பதிவில் போடுங்கள். மற்ற வடிவங்கள் அனைத்தையும், ‘வேறு பெயர்கள்’ என்ற கட்டத்தில் எழுதுங்கள். திருமணத்துக்கு முன் அப்பா பெயரும் பின்னர் கணவர் பெயரும் வைத்திருக்கும் பெண்கள் பழைய பெயரையும் விடாமல் எழுத வேண்டும். பல வடிவங்கள் இருப்பது குற்றமில்லை. ஒன்றை எழுதாமல் விட்டு அது பின்னால் வெளியே வந்தால்தான் கேள்வி எழும்.

3. கைரேகை

குற்ற வரலாற்றுத் தகவல் உங்கள் கண்ணில் படக்கூடிய வேலை என்றால், அணுகல் தரும் முன்பே மாநில அளவிலும் தேசிய அளவிலும் கைரேகை அடிப்படையிலான சோதனை முடிந்திருக்க வேண்டும். முடிவு வரும் வரை யாருடைய லாகினையாவது தாருங்கள், வேலையைப் பார்க்கிறேன் என்று கேட்காதீர்கள். கேட்டாலே உங்கள் மேல் ஒரு கறை விழும்.

எங்கே போய்க் கொடுப்பது என்பதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஓஆர்ஐ என்ற 9 எழுத்து எண் உண்டு. உங்கள் கைரேகை அந்த எண்ணின் கீழ், சரியான காரணத்துடன் போக வேண்டும். வேறு எண்ணில் போனால் முடிவு வேறு எங்கோ போய்ச் சேரும். அதை மாற்றி அனுப்பச் சொல்ல முடியாது, மறுபடி முதலிலிருந்துதான். கிரீன் கார்டுக்காகக் கொடுத்த கைரேகை, பிள்ளைகளின் பள்ளியில் தன்னார்வலராகச் சேரக் கொடுத்த கைரேகை எதுவும் இதற்கு உதவாது. எஃப்பிஐயிடம் 18 டாலர் கட்டி உங்கள் பெயரில் நீங்களே வாங்கும் குற்ற வரலாற்றுச் சுருக்கமும் உதவாது. எனக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் முன்யோசனையாக அதை வாங்கி வைத்திருந்தார், பணம் வீண்.

மின்னணுக் கருவியில் பதிவு செய்தாலும் சரி, எஃப்டி-258 என்ற அட்டையில் மையால் பதித்தாலும் சரி, உடல் விவரக் கட்டங்கள் இருக்கும். உயரம் அடி அங்குலத்தில், எடை பவுண்டில். சென்டிமீட்டரும் கிலோவும் மட்டும் தெரிந்தவர்கள் வீட்டிலேயே மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் கவனம் வேண்டும்: அங்கே பயன்படும் குறியீட்டில் இந்தியாவுக்கு ஐஐ. ஐஎன் என்று போட்டால் அது இந்தியானா மாநிலம். மையத்தில் இருப்பவர் அவசரத்தில் தவறாகத் தட்டிவிடலாம், திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

குளிர்காலத்தில் விரல் நுனி வறண்டு வெடித்திருந்தால் ரேகை தெளிவாக விழாது. ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், போகும் நாளன்று மட்டும் தடவாதீர்கள். ரேகை தெளிவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தால், பெயரை வைத்துச் சோதனை செய்யும் வழி ஒன்று உண்டு. அதை லாசோதான் கேட்க வேண்டும், அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். எனக்கு இரண்டு நடையும் சேர்த்து 100 டாலருக்குள் முடிந்தது. யார் கட்டுவது என்பதைக் கன்சல்டன்சியிடம் எழுத்தில் முதலிலேயே கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தங்கிய காலம் குறைவு என்றால் சில அலுவலகங்கள் இந்தியக் காவல்துறைச் சான்றையும் கேட்கும். இங்கிருந்து அதை வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தேவையா இல்லையா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

பழைய வழக்கு எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். கைரேகைச் சோதனையில் எந்தப் பதிவு வந்தாலும், சிறியதாக இருந்தாலும், உரிய அதிகாரி அதைப் பார்த்து முடிவு செய்யும் வரை அணுகல் நிற்கும். ஆனால் பதிவு இருப்பதாலேயே கதவு மூடிவிடாது. நீதிமன்றத்தில் முடிந்ததற்கான தாளின் சான்றளித்த நகலை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அந்த முடிவு சீக்கிரம் வரும்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு கிளியரன்ஸ் வரவில்லை என்று காத்திருக்கும் நாட்களுக்கும் உங்கள் நிறுவனம் சம்பளம் தர வேண்டும். வேலை இல்லாததாலோ அனுமதி வராததாலோ சும்மா இருக்க நேர்ந்தால் அது நிறுவனத்தின் பொறுப்பு என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி. அனுமதி வந்த பிறகுதான் சம்பளம் என்று யாராவது சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

4. கையெழுத்தும் பயிற்சியும்

தனியார் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் சிஜிஸ் பாதுகாப்பு இணைப்பு ஒப்பந்தத்தின் சான்றுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் இரண்டு கையெழுத்து உண்டு: ஒன்று உங்களுடையது, இன்னொன்று உங்கள் நிறுவனத்தின் பிரதிநிதியுடையது. நான் என்னுடையதைப் போட்டு அனுப்பினேன். நிறுவனத்தின் கட்டம் காலி என்பதை யாரும் கவனிக்கவில்லை, 9 நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. நடுவில் துணை ஒப்பந்த நிறுவனங்கள் இரண்டு மூன்று இருந்தால் யார் கையெழுத்து செல்லும் என்பதையும் லாசோவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி இணைய வழியில் நடக்கும். பல மாநிலங்கள் சிஜிஸ் ஆன்லைன் என்ற தளத்தைப் பயன்படுத்துகின்றன. ஒரு மதியத்தில் முடித்துவிடலாம், கடைசியில் தேர்வு உண்டு. சாதாரணப் பயனருக்கு ஒரு அளவு, நிர்வாக உரிமை உள்ளவருக்கு அதைவிடக் கூடுதல் என்று பிரித்திருப்பார்கள். தரவுத்தளத்தையோ சர்வரையோ தொடப்போகிறீர்கள் என்றால் கூடுதல் உரிமையுள்ளவருக்கான பயிற்சியையே கேளுங்கள். குறைந்ததை முடித்துவிட்டுப் பின்னால் மறுபடி உட்கார வேண்டாம். அணுகல் கிடைக்கும் முன் ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. தேதி தவறினால் கணக்கை நிறுத்திவிடலாம், ஆகவே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கைரேகை முடிவுக்குக் காத்திருக்கும்போதே இந்த இரண்டையும் முடித்துவிடலாம். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்று நான் உட்கார்ந்திருந்தேன். அப்படி இருக்கத் தேவையில்லை.

5. அனுமதிப் படிவத்தில் என்ன எழுதுவது

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

படிவத்தில், ‘என்ன அணுகல் வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அணியில் இருந்த மூத்தவரின் பெயரைப் போட்டு, அவருக்கு இருப்பது போலவே எனக்கும் வேண்டும் என்று எழுதினேன். ஐடியில் எல்லோரும் எழுதும் வரிதான். படிவம் திரும்பி வந்தது, கூடவே லாசோவிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும். அந்த மூத்தவர் 8 வருடமாக அங்கே இருக்கிறார். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு அனுமதி சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது, எதையும் யாரும் எடுக்கவில்லை. என் படிவத்தைப் பார்த்த பிறகுதான் அவருடைய கணக்கையே திறந்து பார்த்து, பாதியைக் குறைத்தார்கள். அவருக்கும் என் மேல் கொஞ்ச நாள் வருத்தம்.

அன்று லாசோ சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த அனுமதிகளின் எடை புரிந்தது. சிறைக்குள் வரும் ஒவ்வொருவரிடமும், முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளானதுண்டா, இங்கே யாரிடமாவது பயமா என்றெல்லாம் கேட்டு அபாய மதிப்பீடு செய்கிறார்கள். ப்ரியா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வந்த தரங்கள் இந்த மதிப்பீட்டை 72 மணி நேரத்துக்குள் செய்யச் சொல்கின்றன. அந்தப் பதில்கள் பரவாமல் கட்டுப்படுத்தவும் சொல்கின்றன. அந்தத் திரை தேவையில்லாத ஒருவர் கண்ணில் பட்டு, விஷயம் தங்கும் பிரிவு வரை போனால், அங்கே ஒருவர் அடி வாங்குவார். யார் யாரை ஒன்றாக வைக்கக் கூடாது என்ற பட்டியலும் அப்படித்தான். போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் யார் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆகவே நீங்கள் எழுதும்போது நான்கு விஷயத்தைப் பிரித்து எழுதுங்கள்: எந்தப் பகுதி, அதில் என்ன செய்ய வேண்டும், எதற்காக, எது வரை. அனுமதிகளில் பார்ப்பது வேறு, புதிதாகப் பதிவது வேறு, திருத்துவது வேறு, ரத்து செய்வது வேறு, எச்சரிக்கையை மீறிப் போவது வேறு. பெரும்பாலான மென்பொருள்களில் இவை தனித்தனியாகவே இருக்கும். மறுமுறை நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“புக்கிங் பகுதி: பார்க்க மட்டும். தரவுப் பிழைகளைக் கண்டுபிடிக்க. ஒப்பந்தம் முடியும் வரை.
அறை ஒதுக்கீடு: பார்க்க மட்டும். தினசரி எண்ணிக்கை அறிக்கையைச் சரிபார்க்க. 90 நாள்.
மருத்துவம், அபாய மதிப்பீடு, குற்ற வரலாறு, கைதி கணக்குப் பணம்: தேவையில்லை.
சோதனைச் சூழல்: எல்லாப் பகுதியிலும் திருத்தும் உரிமை.”

இரண்டே நாளில் ஒப்புதல் வந்தது. எது தேவையில்லை என்று நானே எழுதியதுதான் நம்பிக்கை தந்ததாக லாசோ பின்னால் சொன்னார். இந்த வரியை விடாதீர்கள்.

சில பகுதிகளைக் கேட்கும் முன் இருமுறை யோசியுங்கள். மருத்துவத் திரையில் போதைப் பழக்கச் சிகிச்சை விவரங்கள் இருக்கலாம். அவற்றுக்கு மற்ற மருத்துவத் தகவலைவிடக் கடுமையான தனிக் கூட்டாட்சி விதி உண்டு. பணப் பகுதியில், தொகையைப் பதிபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. விடுதலைத் திரையில் வேறு ஊர் வாரண்ட், விடாமல் வைத்திருக்கச் சொல்லி வேறு அலுவலகம் அனுப்பிய கோரிக்கை போன்ற தடைகளை நீக்கும் பொத்தான் இருக்கும். அது ஐடி ஆட்களுக்குத் தேவையே இல்லை. வேலைக்காக ஒரு நாள் தேவைப்பட்டால், அந்த உரிமை உள்ள அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் கையால் அழுத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. மென்பொருளில் ரோல்களை நுணுக்கமாகப் பிரித்துவிட்டு, அறிக்கை எழுதுபவருக்கு முழுத் தரவுத்தளத்தையும் படிக்கும் உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். திரையில் மறைத்தது எல்லாம் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு குவெரியில் வந்துவிடும். உங்களுக்கு நேரடித் தரவுத்தள அணுகல் தேவை என்றால், தேவையான அட்டவணைகளை மட்டும் காட்டும் வியூ உருவாக்கித் தரச் சொல்லுங்கள். முழுப் பிரதி வேண்டும் என்றால் பெயர், பிறந்த தேதி, மருத்துவக் குறிப்புகளை மறைத்த பிரதியைக் கேளுங்கள். நீங்களாகவே இதைக் கேட்டால் வேலை கூடும் என்று தோன்றும். ஒருநாள் ஏதாவது கசிந்தால் விசாரிக்கப்படுபவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்கோ வேறு அமைப்புக்கோ தரவு அனுப்பும் இன்டர்ஃபேஸ்களை உங்கள் சொந்தக் கணக்கில் ஓட விடாதீர்கள். அதற்கு, எந்த ஆளின் பெயரிலும் இல்லாத தனிச் சேவைக் கணக்கு கேளுங்கள், பொறுப்பாளி யார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

6. முதல் லாகின்

2024 அக்டோபர் 1 முதல் குற்றவியல் நீதித் தகவலைத் தொடும் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கட்டாயம். பலரும் கைபேசிச் செயலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறை வளாகத்தின் உட்பகுதிக்குக் கைபேசி கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள், நுழைவாயில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு லாகின் எண் வாசலில் பூட்டிய பெட்டிக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே சாவி போன்ற சிறு யுஎஸ்பி கருவியைக் கேளுங்கள், அதை உள்ளே கொண்டுபோக அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். அலுவலகம் தராவிட்டால் கடையில் 30 டாலர் அளவில் கிடைக்கும். எந்த வகை ஏற்கப்படும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

15 நிமிடத்துக்குள் 5 முறை தவறாகத் தட்டினால் கணக்கு பூட்டிக்கொள்ளும், நிர்வாகி வந்து திறக்க வேண்டும். முதல் லாகினை வெள்ளிக்கிழமை மாலையில் முயலாதீர்கள். 30 நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டும். இதைத் தவிர்க்க மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி எதையும் மாட்டாதீர்கள், அது தெளிவான விதிமீறல்.

உள்ளே போனதும் முதல் வேலை, உங்களுக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று பார்ப்பது. ஒப்புதல் பெற்ற படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெனுவை மட்டும் ஒப்பிடுங்கள். எனக்குக் கேட்காத மருத்துவப் பகுதியும் திறந்து கிடந்தது. யாரோ பழைய ரோலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். எந்தப் பதிவையும் திறக்காமல் அன்றே மின்னஞ்சல் போட்டு எடுக்கச் சொன்னேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

7. சோதனைச் சூழலா, உண்மைச் சூழலா

சோதித்துப் பார்க்க மென்பொருளின் ஒரு பிரதி, சிறை உண்மையில் பயன்படுத்தும் பிரதி என்று இரண்டு இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். சோதனைச் சூழலின் மேல்பட்டைக்கு வேறு நிறம் கேட்டு வாங்குங்கள், மறுக்க மாட்டார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல மாநிலங்களில் சிறை மென்பொருள் வைன் என்ற அறிவிப்புச் சேவையோடு இணைந்திருக்கிறது. கைதி விடுதலையானதும் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகவே தொலைபேசியோ குறுஞ்செய்தியோ போகும். உண்மைச் சூழலில் ஒரு பதிவை எடுத்துச் சோதனைக்காக விடுதலை என்று மாற்றினால், தன்னை அடித்தவன் வெளியே வந்துவிட்டான் என்று எங்கோ ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் அழைப்பு போகும். அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடுவாள். பின்னர் திருத்தியதால் அந்த இரவு திரும்பாது. சோதனைச் சூழலிலும் வெளி இணைப்புகள் துண்டிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விடுதலை, இடமாற்றம் போன்றவற்றைத் தொடுங்கள்.

8. தெரிந்தவர் பெயரைத் தேடாதீர்கள்

ஒருநாள் கண்டிப்பாக உங்களுக்கு அழைப்பு வரும். நம் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள், நீங்கள்தான் அங்கே வேலை பார்க்கிறீர்களே, என்ன வழக்கு என்று ஒரு நிமிடம் பார்த்துச் சொல்ல முடியுமா அண்ணா, என்று. கேட்பவரின் கலக்கம் உண்மையாக இருக்கும். எனக்கும் வந்தது, மறுக்க மனசு கஷ்டப்பட்டது.

பார்க்காதீர்கள். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பதிவும் உங்கள் பெயர், நேரத்தோடு தணிக்கைப் பதிவில் விழுகிறது; அந்தப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேலைக் காரணம் இல்லாமல் ஒரு பெயரைத் தேடினால் அணுகல் போகும், வேலை போகும், வழக்கும் வரலாம். விசாவில் இருப்பவர்களுக்கு அதன் பின்விளைவு இன்னும் பெரிது. அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவ வேண்டுமானால், ஷெரிஃப் அலுவலகத்தின் பொதுத் தளத்தில் கைதிகள் பட்டியல் இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் கைதானால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

9. சென்னை அணி, ஊர்ப் பயணம்

பல திட்டங்களில் பாதி அணி சென்னையிலோ கோவையிலோ இருக்கும். கைரேகைச் சோதனையும் ஒப்பந்தக் கையெழுத்தும் முடியாத எவருக்கும் உண்மைத் தரவு போகக் கூடாது. திரையைப் பகிர்வதும் அணுகல்தான். பிழையைக் காட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவதும் அப்படித்தான். மேகச் சேமிப்பில் வைக்கும் குற்றவியல் நீதித் தகவல் அமெரிக்கா, அதன் பிரதேசங்கள், பூர்வகுடி நிலங்கள், கனடா ஆகியவற்றுக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் கொள்கை சொல்கிறது. சென்னை அணிக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் கற்பனைப் பெயர்களோடு ஒரு சோதனைத் தரவைச் செய்து வையுங்கள். எங்களுக்கு அதற்கு 2 வாரம் ஆயிற்று, அதன் பிறகு இந்தத் தலைவலியே இல்லை.

ஊருக்குப் போகும்போது வேலை மடிக்கணினியை எடுத்துப் போகாதீர்கள். அங்கிருந்து ஒரே ஒரு முறை லாகின் செய்தாலும் பாதுகாப்பு நிகழ்வாகப் பதிவாகலாம். விசா ஸ்டாம்பிங் தள்ளிப்போய்ப் பல மாதம் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 90 நாள் பயன்படுத்தாத கணக்கை முடக்க வேண்டும் என்பது விதி. கிளம்பும் முன்பே லாசோவிடம் தேதிகளைச் சொல்லுங்கள், நீண்ட பயணம் என்றால் கணக்கை நிறுத்தி வைக்க நீங்களே கேளுங்கள். திரும்பி வந்ததும் எதை மறுபடி செய்ய வேண்டும் என்று அப்போதே எழுதி வாங்கிவிட்டால், வந்த முதல் வாரம் வீணாகாது.

10. வேலை மாறும்போது

அணிக்குள்ளேயே வேறு வேலைக்குப் போனாலும் பழைய அனுமதியை எடுக்கச் சொல்லிப் புதிய படிவம் போடுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே லாசோவுக்கும் மென்பொருள் நிர்வாகிக்கும் எழுதுங்கள், கன்சல்டன்சி சொல்லிவிடும் என்று இருக்காதீர்கள். உங்கள் பெயரில் ஓடும் அறிக்கைகளை வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கணக்கு மூடிய மறுநாள் காலை எண்ணிக்கை அறிக்கை வராமல் நிற்கும். அடையாள அட்டை, யுஎஸ்பி சாவி, மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். கணக்கு எந்தத் தேதியில் முடக்கப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்கி, அதைச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். தரவு அடங்கிய கோப்பு ஒன்றுகூட உங்களிடம் இருக்கக் கூடாது. பயிற்சிச் சான்றும், கையெழுத்திட்ட ஒப்பந்தப் பக்கத்தின் நகலும் உங்களுடையவை. அதே மாநிலத்தில் அடுத்த கவுண்ட்டிக்குப் போகும்போது அவற்றைக் காட்டி, எதை மறுபடி செய்யத் தேவையில்லை என்று கேட்டுப் பாருங்கள்.